58 வயதில், மூளைக் காயமுற்ற கைக்குழந்தையை வளர்க்க ஏற்பது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் வட லண்டனில் வாழும் ஒரு தமிழ்ப் பெண். அவருக்கு 58 வயது, கணவருக்கு 61. சென்ற ஆண்டு உள்ளூராட்சிக் கவுன்சிலின் வளர்ப்புப் பெற்றோராக அனுமதி பெற்று, இரண்டு சிறுவர்களைச் சில மாதங்கள் வைத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். பிறப்பின்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் காயமுற்று, ஐந்து மாதமாக வைத்தியசாலையிலேயே இருக்கும் ஒரு பெண் குழந்தையை ஏற்க முடியுமா என்று சமூகப் பணியாளர் இப்போது அவர்களிடம் கேட்டிருக்கிறார். குழந்தைக்கு வயிற்றில் இட்ட குழாய் வழியாகத்தான் பால் போகிறது. வலிப்புக்கு இரண்டு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. பெற்ற பிள்ளைகள் இருவரும் “இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம். என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

நான் 28 ஆண்டுகள் இங்கே குழந்தைகள் பிரிவில் தாதியாக இருந்தவள். வேலையிலிருந்து விலகிய பின், 56ஆவது வயதில், கிட்டத்தட்ட இதே நிலையிலிருந்த ஒரு குழந்தையை நானும் கணவரும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவளுக்கு இப்போது ஏழு வயது, எங்களுடன்தான் இருக்கிறாள். அவளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத எனக்கு உரிமை இல்லாதபடியால், ‘எங்கள் பிள்ளை’ என்று மட்டும் குறிப்பிடுகிறேன். தாதியாக நான் அறிந்திருந்தவற்றில் பாதி வீட்டில் உதவியது. மறுபாதியை அவளிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

வயதைப் பற்றி முதலில். இங்கிலாந்தில் வளர்ப்புப் பெற்றோருக்குச் சட்டத்தில் மேல் வயது வரம்பு எதுவும் கிடையாது. உங்கள் உடல்நிலை, அந்தக் குழந்தைக்கு வேண்டியது, உங்களால் எவ்வளவு காலம் கொடுக்க முடியும் என்பவற்றையே பார்ப்பார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகி, வேலைக்கு ஓட வேண்டிய அவசரமும் தணிந்த ஒரு வீடு இப்படிப்பட்ட குழந்தைக்கு உண்மையிலேயே நல்ல வீடு. மாதத்தில் எட்டு, பத்து வைத்தியச் சந்திப்புகளுக்கு இளம் தம்பதியால் போக முடியாது, உங்களால் முடியும். ஒரு கரண்டி அளவு கூழைக் கொடுத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருக்கும் பொறுமை எனக்கு 30 வயதில் இருந்ததில்லை. ஆனால் கணக்கையும் மறைக்காமல் போட்டுப் பாருங்கள். இந்தக் குழந்தைக்கு 18 வயதாகும்போது உங்களுக்கு 76ஐ நெருங்கியிருக்கும், உங்கள் கணவருக்கு 79. இந்த எண்களைக் கண்டு விலக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவற்றைச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நீங்களே முதலில் மேசையில் வைக்க வேண்டும் என்கிறேன்.

இனி, குழந்தையின் நிலை. பிறப்பின்போது மூளைக்கு இரத்தமும் ஒட்சிசனும் குறைந்து ஏற்படும் காயத்தை இங்கே எச்.ஐ.ஈ. என்று சுருக்கிச் சொல்வார்கள். மிதமானதாகவோ கடுமையானதாகவோ இருந்தால், பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் குழந்தையின் உடலைக் குளிர்விக்கத் தொடங்கி, 33.5 பாகை செல்சியஸ் அளவில் 72 மணித்தியாலம் வைத்திருப்பார்கள். அதற்குப் பின், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், எம்.ஆர்.ஐ. எடுத்திருப்பார்கள். அந்த அறிக்கையை வைத்தியர் உங்களுக்கு விளக்கும் வரையில் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். காயம் மூளையின் நடுவே ஆழத்தில், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் இருந்தால், கைகால்கள் இறுகும் பெருமூளை வாதமும் விழுங்குவதில் சிரமமும் கூடுதலாக வரும். புத்தியின் தெளிவு அதே அளவுக்குப் பாதிக்கப்பட வேண்டும் என்றில்லை. மூளையில் ஒரு இரத்தக் குழாயின் பரப்பு முடிந்து அடுத்ததன் பரப்பு தொடங்கும் எல்லைப் பகுதிகளில் காயம் இருந்தால், நடை ஓரளவு வந்தாலும் கற்றலிலும் பேச்சிலும் சிரமங்கள் பிந்தித் தெரியவரலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஐந்து மாதக் குழந்தையைப் பார்த்து, “இவள் இதைச் செய்வாள், இதைச் செய்ய மாட்டாள்” என்று நேர்மையான எந்த வைத்தியரும் முடிவாகச் சொல்ல மாட்டார். “தெரியாது” என்ற அந்தப் பதிலோடு இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். எனக்கு இரவு விழிப்பைவிட இதுதான் கடினமாக இருந்தது.

வலிப்பைப் பற்றி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கைகால் வெட்டி இழுப்பது மட்டுந்தான் வலிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வயதில் சில குழந்தைகளுக்கு, தூங்கி எழுந்த சற்று நேரத்தில், தலை சட்டென்று முன்னே குனிந்து, இரண்டு கையும் அணைக்க வருவதுபோல் விரிந்து, ஓரிரு விநாடியில் விட்டுவிடும். சில விநாடி கழித்து மறுபடியும், பிறகு மறுபடியும். பார்ப்பவருக்கு அது திடுக்கிடுவது போலவோ வயிற்றுவலி போலவோ தோன்றும். அது சிசு வலிப்பு என்ற தனி வகை. சிகிச்சை இல்லாமல் நாள் கடக்கக் கடக்க மூளை வளர்ச்சி பின்வாங்கும். கண்டால் உடனே கைப்பேசியில் படம் பிடித்து, அன்றைக்கே வைத்தியருக்குக் காட்ட வேண்டும். எங்கள் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில் அது வந்தபோது, குழந்தைகளோடே 28 ஆண்டு வேலை செய்த நானே முதல் நாள் அதை வாயுத் தொல்லை என்று எண்ணி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். மற்ற வலிப்புகளுக்கு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் கன்னத்துக்கும் பல் முரசுக்கும் (ஈறுக்கும்) இடையே விடும் மிடசோலம் மருந்தைக் கொடுத்து 999ஐ அழைக்க வேண்டும் என்பது வழக்கமான முறை. ஆனாலும் இந்தக் குழந்தைக்கென்று எழுதித் தரப்படும் திட்டத்தையே பின்பற்ற வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

வயிற்றுக் குழாயைக் கண்டு பயப்பட வேண்டாம். பட்டியலில் பயங்கரமாகத் தெரிவதும், வீட்டில் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிப்போவதும் அதுதான். வயிற்றுத் தோலோடு ஒட்டினாற்போல் ஒரு சிறிய பட்டன் இருக்கும். உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்கும். அந்தத் தண்ணீரின் அளவை வாரத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். பட்டன் கழன்று விழுந்தால் அந்தத் துளை சில மணித்தியாலங்களிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். ஆகவே மாற்றுப் பட்டன் வீட்டில் ஒன்றும், வெளியே கொண்டுபோகும் பையில் ஒன்றும் இருக்க வேண்டும். துளை இட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் மட்டும், நீங்களாகத் திருப்பிப் போடாமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். பால் கொடுத்த பின் அரை மணித்தியாலமாவது சாய்த்து வைத்திருங்கள். இந்தக் குழந்தைகளை அடிக்கடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது வலிப்பைவிட மார்புத் தொற்றாகவே இருக்கும். மேலெழும் பாலும் விழுங்க முடியாத எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்குவதால் வருவது அது.

அவளைத் தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. எங்கள் பிள்ளை வந்த முதல் நாள், என் கணவர் பேரப்பிள்ளைகளைத் தூக்கும் பழக்கத்தில் ஒரு கையைப் பின்தலையில் வைத்துத் தூக்கினார். அவள் வில்லாக வளைந்து, கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே இறுகி, வீரிட்டாள். தனக்குத் தூக்கத் தெரியவில்லை என்று அவர் அன்று முழுவதும் அவளைத் தொடவே இல்லை. உடல் அசைவுக்குப் பயிற்சி தரும் இயன்மருத்துவர் வந்துதான் காட்டிக் கொடுத்தார்: இப்படிப்பட்ட குழந்தையின் பின்தலையை அழுத்தினால் உடல் தானாகவே பின்னால் வளையும். ஆகவே தோள்களுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, இடுப்பையும் முழங்காலையும் மடித்து, உடல் முழுவதும் முன்னோக்கிக் குவியும்படி எடுக்க வேண்டும். மூடிய கைமுட்டியையும் விரலைப் பிடித்து இழுத்துத் திறக்கக் கூடாது. மணிக்கட்டை மெல்ல உள்ளே மடித்து, புறங்கையைத் தடவினால் விரல்கள் தாமாகவே தளரும். அந்தச் சிறிய உள்ளங்கையில் சிக்கியிருக்கும் வியர்வையும் நூலும் ஒருவித புளித்த வாசனை வீசும். நாள்தோறும் கழுவித் துடைக்க வேண்டும். அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அவள் முதன்முதலாக என் விரலைப் பற்றிப் பிடித்தாள். அது தசை இறுக்கமாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எழுந்து போக மனமில்லாமல் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வரை இருந்துவிட்டேன்.

பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண் சரியாக இருந்தும், மூளை அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளாத நிலை இந்தக் குழந்தைகளில் பலருக்கு இருக்கிறது. உங்கள் முகத்தை அவள் பார்க்காவிட்டால், உங்களைப் பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் சிவப்போ மஞ்சளோ ஆன ஒரே ஒரு பொருளை மெதுவாக அசைத்துக் காட்டுங்கள். காட்டும்போது பேசாதீர்கள், ஏனென்றால் கேட்பதையும் பார்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய அந்த மூளைக்கு இயலாமல் போகலாம். எங்கள் பிள்ளைக்கு எட்டு நிற விளக்குப் பொம்மைகள் பரிசாக வந்தன. அவளை முதலில் திரும்பிப் பார்க்க வைத்தது என் குங்குமச் சிவப்புப் பருத்திச் சேலையின் முந்தானை.

உங்கள் வயதில் உண்மையான எல்லைகள் இரண்டு: இரவும் முதுகும். முதல் ஆறு மாதம் நான் ஒரே இரவில் தொடர்ந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியதில்லை. பால் செலுத்தும் பம்பின் எச்சரிக்கை ஒலி, சளி உறிஞ்சுதல், நள்ளிரவு மருந்து, அதிகாலை மருந்து. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், ஒரே மருந்தை இரண்டாம் முறையும் ஊசிக்குழலில் இழுத்துவிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் குறிப்பேட்டைப் பார்த்து நிறுத்தினேன். அன்றைக்குத்தான் உதவி கேட்கக் கற்றுக்கொண்டேன். நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். சமாளிக்கிறோம் என்று சொல்வதைப் பெருமையாக நினைப்போம். “நாங்கள் சமாளித்துக்கொள்வோம்” என்று நீங்கள் சொன்னால், கூட்டக் குறிப்பில் அது அப்படியே எழுதப்படும். அதன் பிறகு உதவி பெறுவது இருமடங்கு கடினம். குழந்தைகளுக்கான தொடர் பராமரிப்பு மதிப்பீட்டைத் தேசிய சுகாதார சேவையிடம் எழுத்தில் கேளுங்கள். தேவை கடுமையானது என்று கண்டால் வாரத்தில் சில இரவுகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஹொஸ்பிஸ் எனப்படும் குழந்தைகள் நல்லிளைப்பாறு இல்லங்கள் சாவுக்கு முந்தைய இடம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1982இல் ஒக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்ட ஹெலன் ஹவுஸ்தான் உலகிலேயே குழந்தைகளுக்கென அமைந்த முதல் இல்லம். மூளைக் கட்டி அகற்றிய பின் கடுமையான மூளைப் பாதிப்போடு வாழ்ந்த ஒரு சிறுமியின் பெற்றோர் சற்று ஓய்வெடுக்க வழி செய்த நட்பிலிருந்தே அது பிறந்தது. இன்றும் அவற்றின் வேலையில் பெரும்பகுதி இப்படிச் சில நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டாருக்கு மூச்சு விட இடம் கொடுப்பதுதான்.

முதுகைப் பற்றிச் சொல்வதானால், ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கும் இன்பம் கண்ணை மறைக்கும். அவளுக்கு ஐந்து வயதில் 15, 16 கிலோ இருக்கும். தன் பங்குக்குக் கழுத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளாத 16 கிலோ. தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் அமைக்க முடியுமா, கூரையிலிருந்து தொங்கும் தூக்கி பொருத்த முடியுமா என்று தொழில்வழிச் சிகிச்சையாளரை இப்போதே வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு வசதி மானியம் 30,000 பவுண்டு வரை உண்டு. பிள்ளைக்காக விண்ணப்பிக்கும்போது வீட்டாரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அது கைக்கு வரக் காலம் எடுக்கும் என்பதால்தான் இப்போதே என்கிறேன். பிள்ளைக்கான மாற்றுத்திறனாளி உதவித்தொகையின் பராமரிப்புப் பகுதி மூன்று மாத வயதிலிருந்தே கிடைக்கும். கடுமையான தேவைக்கான நடமாட்டப் பகுதி மூன்று வயதிலிருந்து.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளர்ப்புப் பெற்றோர் என்ற முறையில் உங்களுக்குப் பெற்றோர் பொறுப்புரிமை இல்லை. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி நீதிமன்றம் பராமரிப்பு ஆணை பிறப்பித்திருந்தால் அந்த உரிமை கவுன்சிலும் பெற்றோரும் பகிர்ந்துகொள்வது. பெற்றோரின் சம்மதத்தோடு மட்டும் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அது முழுவதும் பெற்றோரிடமே இருக்கும். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் எழுத உங்களால் முடியாது. நள்ளிரவில் அவசரப் பிரிவில் நிற்கும்போது யாரை அழைப்பது, எதை நீங்களே தீர்மானிக்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பராமரிப்பு ஆணைக்கான வழக்குகளை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம், சில நீண்டுபோகும். குழந்தை உங்களோடு ஓராண்டு வாழ்ந்த பின், பெற்றோர் பொறுப்புரிமையை உங்களுக்கும் தரும் சிறப்புப் பாதுகாவலர் ஆணைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஆனால் அந்த ஆணையோடு நீங்கள் வளர்ப்புப் பெற்றோர் என்ற நிலையிலிருந்து விலகிவிடுவீர்கள். உங்களுக்கென இருந்த சமூகப் பணியாளரும், கொடுப்பனவில் ஒரு பகுதியும் போகக்கூடும். எந்த உதவி தொடரும் என்பதை ஆணைக்கு முன்பே, வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆணைக்குப் பின் கேட்பவருக்கு அந்தப் பிடி இல்லை.

பெற்ற தாயைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் வருவார். கைக்குழந்தை என்றால் வாரத்தில் பல முறை சந்திப்பு இருக்கக்கூடும். எங்கள் பிள்ளையின் தாய் முதல் சந்திப்பில் தன் மேலங்கியைக் கழற்றாமலே ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் தரட்டுமா என்று கேட்டபோது, “நான் தொட்டால் ஏதாவது ஆகிவிடும்” என்றார். தோள்களுக்குப் பின்னால் கையைக் கொடுத்துக் குவித்து எடுக்கும் அந்த முறையை அவருக்குக் காட்டினேன். நான்காம் முறை வந்தபோது மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தானாகவே கைகளை நீட்டினார். மூளைக் காயமுற்ற எல்லாக் குழந்தைகளும் ஒரே காரணத்தால் நம்மிடம் வருவதில்லை. சிலர் உலுக்கப்பட்டுக் காயமுற்றவர்கள். சிலருடைய பெற்றோர் குழந்தையின் தேவையைத் தாங்க முடியாத நோயிலோ வறுமையிலோ இருப்பவர்கள். காரணம் எதுவானாலும், அந்தத் தாயைப் பற்றி அந்தக் குழந்தையின் முன்னால் ஒரு தாழ்ந்த சொல்லும் சொல்லாதிருக்க உங்களால் முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எங்கள் உறவினர் சிலருக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருந்தது. வீட்டுக்கு வருவோரிடம் அதை ஒரு நிபந்தனையாகவே சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் பிள்ளைகள். அவர்கள் சுயநலத்தால் தடுப்பதாக எண்ணாதீர்கள். “அம்மா விழுந்துவிட்டால் அந்தக் குழந்தை யாரிடம் போகும்? எங்களிடமா?” என்ற கேள்வி அவர்கள் மனதில் இருக்கும், அதை உங்கள் முகத்துக்கு நேரே கேட்க அவர்களால் முடியவில்லை. நீங்களே அதை எடுங்கள். அவர்கள் ஏற்க வேண்டும் என்று ஒருபோதும் கேட்க வேண்டாம். என்ன செய்ய மனமுண்டு என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மகன் பொறுப்பேற்க முடியாது என்று தெளிவாகச் சொன்னான். மருந்து கொடுக்கவும் பட்டன் மாற்றவும் பயிற்சி எடுத்துக்கொண்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருகிறான். அந்தத் தெளிவு எனக்கு ஒரு பொய்ச் சம்மதத்தைவிடப் பெரிய உதவி. உங்கள் இருவரையும் தவிர, இந்தக் குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற மூன்றாம் ஆள் ஒருவர் இல்லாவிட்டால் இதை ஏற்காதீர்கள். இந்தப் பதிலில் நான் உறுதியாக மறுத்துச் சொல்வது இது ஒன்றைத்தான். நீங்கள் இருவரும் எவ்வளவு நல்லவர்களானாலும், 60ஐ ஒட்டிய வயதில் உங்களில் ஒருவருக்கு ஒரு மாரடைப்போ இடுப்பு எலும்பு முறிவோ வந்தால், அந்தக் குழந்தை தன்னை அறியாத கைகளுக்கு ஒரே இரவில் போக நேரிடும். தன்னைத் தூக்கும் கைகளை வைத்தே உலகை அறிந்துகொள்ளும் குழந்தைக்கு அது தாங்க முடியாதது.

மறுபக்கத்தையும் எழுதியே ஆக வேண்டும். அவள் உங்களுக்கு முன்பே போய்விடவும் கூடும். கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளில் சிலர் சிறு வயதிலேயே மார்புத் தொற்றால் இறந்துபோகிறார்கள். எந்த அளவு வரை தீவிர சிகிச்சை, எப்போது வலியில்லாமல் வைத்திருப்பது மட்டும் என்பதைப் பெற்றோர், கவுன்சில், வைத்தியர், நீங்கள் எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே பேசி எழுதிவைக்கும் முறை இங்கே உண்டு. அதைப் பேசினால் அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். எங்கள் பிள்ளைக்கு மூன்று வயதில் நிமோனியா வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் கிடந்தபோது, அந்தத் தாள் கையில் இருந்தபடியால் யாரும் எங்களிடம் கதவோரத்தில் நின்று அவசரமாக எதையும் கேட்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் போகும்போது, கணவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. விளக்கம், தொடர் பராமரிப்பு மதிப்பீட்டின் தேதி, இரவு உதவி, மூன்றாம் ஆளுக்கான பயிற்சி, வீட்டு மாற்றம், உங்களுக்கு இயலாமல் போனால் என்ன ஏற்பாடு என்ற எழுத்து, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். உபகரணங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, இயக்கிப் பார்க்கப்படும் முன் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் தேதிக்குச் சம்மதிக்காதீர்கள். எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை குழந்தை வந்தது, சளி உறிஞ்சும் இயந்திரம் வந்தது செவ்வாய்க்கிழமை. அந்த நான்கு இரவுகளை நான் இன்னும் மறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வைத்தியசாலையில் அவளோடு தொடர்ந்து இரண்டு இரவு தங்க அனுமதி கேளுங்கள். தாதியர் பக்கத்து அறையில் இருக்க, மருந்து, பால், சளி, எல்லாவற்றையும் நீங்களும் கணவரும் மட்டுமே செய்ய வேண்டும். மூன்றாம் நாள் காலை வீட்டுக்குப் போய், நன்றாகத் தூங்கி எழுந்து, பிறகு இருவரும் தனித்தனியே ஒரு தாளில் உங்கள் முடிவை எழுதி, மற்றவருக்குக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் சமூகப் பணியாளரிடம் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள், கொடுப்பார்கள்.